இன்ஸ்டாகிராம் அல்காரிதத்தைப் புரிந்துகொண்டு மார்க்கெட்டிங் செய்வது எப்படி: சிறு கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

எத்தனை மணிக்குப் போஸ்ட் போட வேண்டும், எத்தனை ஹேஷ்டேக் வைக்க வேண்டும், ரீச் (பதிவு போய்ச் சேர்ந்த கணக்குகளின் எண்ணிக்கை) ஏன் திடீரென்று விழுந்துவிட்டது? கடைக்கோ கம்பெனிக்கோ இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான். மூன்றுமே கடைசியில் பார்க்க வேண்டியவை. இவற்றுக்கு முன்னால் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அந்த வரிசை மாறினால் பின்னால் செய்யும் எல்லாமே இருட்டில் தடவுவதாகிவிடும்.

எல்லாத் தளங்களையும் ஒரே கட்டுரையில் அடக்க நான் முயலவில்லை. நம் பக்கத்துச் சிறு கடைகள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில்தான் மல்லுக்கட்டுகின்றன, அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு, காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் உண்டு, ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பார்சல் கூரியரில் போகிறது. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் படிகள் இவையேதான்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலில் ப்ரொஃபஷனல் கணக்கு. சாதாரணக் கணக்கில் இன்சைட்ஸ், அதாவது பதிவுகளை யார், எவ்வளவு பார்த்தார்கள் என்ற புள்ளிவிவரம், கிடைக்காது, இன்சைட்ஸ் இல்லாமல் இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேல் உங்களுக்குப் பயன்படாது. பிசினஸ், கிரியேட்டர் என்று இரண்டு வகை உண்டு. பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு உட்படப் பிரபலமான இசையில் பெரும்பகுதி கிடைக்காது, ஏனென்றால் வியாபாரத்துக்கு அந்தப் பாட்டைப் பயன்படுத்த உரிமை வேண்டும். பாட்டுக்காகவே கிரியேட்டர் கணக்குக்கு மாறச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு வகையை மாற்றினால் அந்த உரிமை வந்துவிடாது, அதனால் பொருள் விற்கும் கடைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். செக்கு சுற்றும் சத்தமும் உங்கள் குரலும் போதும்.

இரண்டாவது, வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளின் பட்டியல். வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த சில மாத உரையாடல்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "வடை சுடும்போது நுரைக்குதே, கலப்படமா?", "அடியில மண்டி தங்குது, ஊத்தலாமா?", "கடை எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை?", "மார்கழியில தேங்கா எண்ணெய் கட்டியாயிடுச்சு, சூடு பண்ணலாமா?" என்று இருபது முப்பது சேரும். உங்கள் வார்த்தைக்கு மாற்றி எழுத வேண்டாம். மக்கள் தேடும் சொல்லும், நின்று கேட்கும் சொல்லும் அதுதான்.

மூன்றாவது ஒரு நோட்டு அல்லது ஷீட். நான்காவது, இந்தப் பக்கத்தால் நடக்க வேண்டியது என்ன என்று ஒரே ஒரு வரி. "மாதம் இத்தனை புது ஆட்கள் வாட்ஸ்அப்பில் விசாரிக்க வேண்டும்" என்பது போல. "பிராண்ட் தெரியணும்" என்று எழுதினால் பிறகு எதையும் அளக்க முடியாது.

2. அல்காரிதம் எதைக் கணிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு அல்காரிதம் கிடையாது. ஃபீட், ஸ்டோரி, எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ், தேடல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வரிசைப்படுத்தும் முறை உண்டு. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி இதை 2021 ஜூனில் எழுதியே சொன்னார், 2023-இல் விரிவாக்கியும் எழுதினார். அப்படியிருந்தும் "அல்காரிதம் என் போஸ்ட்டை அமுக்குது" என்றுதான் எல்லோரும் பேசுகிறோம்.

நடப்பது இதுதான். ஒருவர் ஆப்பைத் திறந்ததும், அவருக்குக் காட்டக்கூடிய பதிவுகள் திரட்டப்படுகின்றன. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் "இந்த ஆள் இதை என்ன செய்வார்?" என்று கணிக்கப்படுகிறது. ஃபீடில் சில விநாடி நிற்பாரா, லைக் போடுவாரா, கமெண்ட் போடுவாரா, ஷேர் செய்வாரா, ப்ரொஃபைல் படத்தைத் தட்டுவாரா என்பவை முக்கியமான கணிப்புகள். ரீல்ஸில் கடைசிவரை பார்ப்பாரா, யாருக்காவது அனுப்புவாரா, லைக் போடுவாரா, அந்த ஆடியோவின் பக்கத்துக்குப் போவாரா என்பவை. ஸ்டோரியில், உங்கள் ஸ்டோரியை அவர் வழக்கமாகப் பார்க்கிறாரா, பதில் அனுப்புகிறாரா, உங்களுக்குள் எவ்வளவு நெருக்கம் என்பவை.

கவனிக்க வேண்டியது, கணிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் ரீலுக்கென்று நிலையான மதிப்பெண் எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. சமையல் வீடியோ விரும்பிப் பார்க்கும் ஈரோட்டுப் பெண்ணுக்கு மேலே வரும் அதே ரீல், கிரிக்கெட் மட்டும் பார்க்கும் அவர் தம்பிக்கு வரவே வராது. ஆகவே "நல்ல கன்டென்ட் போட்டேன், ஏன் போகல?" என்ற கேள்வியை "யாருக்கு நல்ல கன்டென்ட்?" என்று மாற்றிக் கேட்க வேண்டும். மீதிப் படிகளெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

3. ஒவ்வொரு பதிவுக்கும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

2025 ஜனவரியில் மொசேரி மூன்று சிக்னல்களை முதன்மையானவை என்று சொன்னார்: பார்க்கும் நேரம், ரீச்சுக்கு இத்தனை லைக், ரீச்சுக்கு இத்தனை ஷேர். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர லைக் கொஞ்சம் கூடுதலாக உதவுகிறது, பின்தொடராத புது ஆட்களிடம் போக, பிறருக்கு அனுப்பப்படுவது கூடுதலாக உதவுகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

மார்க்கெட்டிங் செய்கிறவருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது. புது ஆட்கள் வேண்டுமா? அப்படியானால் பார்த்தவர் தன் அம்மாவுக்கோ அண்ணிக்கோ அனுப்பத் தோன்றும் ரீலைச் செய்யுங்கள். "எண்ணெய் நுரைப்பது கலப்படத்தாலா?" என்பது அனுப்பத் தோன்றும் விஷயம், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். "எங்களிடம் சுத்தமான எண்ணெய் கிடைக்கும்" என்பதை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். இருக்கிற வாடிக்கையாளரை மறுபடி வாங்க வைக்க வேண்டுமா? ஸ்டோரிக்குப் போங்கள். "இன்னைக்குக் கடலை எண்ணெய் ஆட்டுறோம், நாளைக்குப் பார்சல்" என்ற சாதாரண ஸ்டோரி, புது ஆளுக்கு ஒன்றுமில்லை, பழைய வாடிக்கையாளருக்கு அது ஆர்டர் போடும் நாள்.

புதியவர்கள் இடறும் இடம் இதுவே. ஒரே பதிவு புது ஆளையும் கொண்டுவர வேண்டும், விலையும் சொல்ல வேண்டும், ஆஃபரும் அறிவிக்க வேண்டும், கடையின் பாரம்பரியமும் பேச வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்த ரீலில் பார்ப்பவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் இரண்டு சொல் எழுதுங்கள்: இடம், செயல். "ரீல், அனுப்புதல்." "ஸ்டோரி, பதில்." "பல பட போஸ்ட், சேவ்." எழுத முடியவில்லை என்றால் அந்தப் பதிவு இன்னும் தயாராகவில்லை.

4. கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் பதிவுகளைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா கூடாதா என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பதிவால் தடை வந்தது என்று காட்டும், அதை நீக்கலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம். "ஷேடோ பேன்" (சொல்லாமலே பதிவுகளை மறைத்துவிடுகிறார்கள் என்ற பேச்சு) பற்றி யூடியூபில் மணிக்கணக்கில் வீடியோ பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பலர் திறந்ததே இல்லை.

அடுத்து, ஃபாலோயர்கள் யார் என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள், குலுக்கல் பரிசுக்காகச் சேர்ந்தவர்கள் இருந்தால், உங்கள் பதிவைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோகும் கூட்டத்தை நீங்களே சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் நிற்காமல் போகும்போது பின்தொடர்பவர்களிடம் கிடைக்கும் விகிதங்கள் எல்லாம் கீழே இறங்குகின்றன. போலி என்று தெரிபவற்றை நீக்கிவிடுங்கள், எண்ணிக்கை குறைகிறதே என்று வருந்த வேண்டாம்.

பிறகு பெயர்ப் பகுதி. யூசர்நேம் வேறு, பெயர் வேறு. தேடலில் இரண்டுமே கணக்கில் வரும். பெயரில் கடைப் பெயரோடு "மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்" என்று சேர்த்தால், அதைத் தேடுபவருக்கு நீங்கள் கிடைக்க வழி உண்டு. தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டுபவர்களும் ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் உண்டு, ஆகையால் பெயரில் ஒன்று, யூசர்நேமிலும் பயோவிலும் மற்றொன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். யோசித்து மாற்றுங்கள், 14 நாட்களுக்குள் இரண்டு முறைதான் பெயரை மாற்ற முடியும். 2025 ஜூலையிலிருந்து ப்ரொஃபஷனல் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரத் தொடங்கிவிட்டன, அதனால் கேப்ஷனின் முதல் வரியில் விஷயத்தைச் சொற்களால் எழுதுவது முன்பைவிட முக்கியம். நான்கு ஸ்மைலி போட்டுவிட்டு "எப்படி?" என்று விடுவது யாருக்கும் உதவாது.

5. ஒரே ஆளுக்குத் தொடர்ந்து பேசுங்கள்

கணக்கு எதைப் பற்றியது என்பதை இயந்திரம் உங்கள் பதிவுகளையும், அவற்றைப் பார்த்து நின்றவர்கள் வேறு எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதையும் வைத்து ஊகிக்கிறது. திங்கள் எண்ணெய் ரீல், செவ்வாய் காலை வணக்கம், புதன் முதலாளி மகன் பிறந்தநாள், வியாழன் ஏதோ ஒரு ட்ரெண்டிங் நகைச்சுவை, வெள்ளி விழா வாழ்த்து போஸ்டர் என்று போனால் எந்தக் கூட்டத்திடம் கொண்டுபோவது என்று அதற்குப் பிடிபடாது.

விழா வாழ்த்து போஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி, மகளிர் தினம் என்று வருடம் முழுக்க லோகோ ஒட்டிய வாழ்த்துப் படங்களை ஃபீடில் போடுவதைப் பல கடைகள் கடமையாகச் செய்கின்றன. அன்றைக்கு எல்லாக் கடையும் அதையே போடுகிறது, யாரும் நிற்பதில்லை. வாழ்த்துச் சொல்ல ஆசையாக இருந்தால் ஸ்டோரியில் சொல்லுங்கள், ஒரு நாளில் போய்விடும். ஃபீடில் அந்த நாளுக்குப் பயனுள்ள ஒன்றைப் போடுங்கள். தீபாவளிக்கு முன் வாரம் "முறுக்குக்கு எந்த எண்ணெய், எவ்வளவு சூட்டில்?" என்பதைச் சேவ் செய்து வைப்பார்கள்.

ஒரே ஆள் என்றால் நிஜமாகவே ஒரே ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ தனிக்குடித்தனம் இருக்கிறார், ஊரில் அம்மா செக்கு எண்ணெய்தான் வாங்குவார், இங்கே எது அசல் என்று தெரியாமல் குழம்புகிறார். முதலாவது படியில் எழுதிய கேள்விகளில் இவர் கேட்பவை எவை என்று கோடு போடுங்கள். இரண்டு மாதத்துக்கான பதிவுகள் அதிலேயே கிடைத்துவிடும்.

6. ரீலைக் கட்டும் வரிசை

முதல் மூன்று விநாடிகளில் கேள்வியோ காட்சியோ வந்துவிட வேண்டும். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் லோகோ சுழல்வதோடு ஆரம்பிக்கிறார்கள், பிறகு "வணக்கம் மக்களே, இன்னைக்கு நம்ம பார்க்கப்போறது" என்கிறார்கள். அதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டார். கொதிக்கும் வாணலியில் நுரை பொங்கும் காட்சி, மேலே பெரிய எழுத்தில் "இது கலப்படமா?", அவ்வளவுதான் ஆரம்பம். கடைப் பெயர் ப்ரொஃபைலிலேயே இருக்கிறது, முதலில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

எழுத்து கட்டாயம் வேண்டும், நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் பட்டன்களும் கேப்ஷனும் மறைக்கும், எழுத்தை நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். பதிலை இரண்டாகப் பிரித்து, பாதியை முதலிலேயே கொடுத்து, மீதிக்காக அவரைக் காத்திருக்க வையுங்கள். முழுப் பதிலையும் கடைசிக்கு ஒளித்து வைத்தால் எரிச்சலில் போய்விடுவார்கள், அடுத்த முறை உங்கள் முகத்தைப் பார்த்ததுமே தள்ளுவார்கள்.

நீளம் எவ்வளவு? மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கப்படாது, அதுதான் மேல் எல்லை. அதற்குள் விஷயம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். இருபது விநாடியில் சொல்லக்கூடியதை ஒரு நிமிடமாக இழுத்தால் பார்க்கும் நேரம் கூடாது, பாதியில் போகிறவர்கள்தான் கூடுவார்கள்.

வேறு ஆப்பின் வாட்டர்மார்க் தெரியும் வீடியோவையும் மங்கலான வீடியோவையும் அப்படியே ஏற்றாதீர்கள். இவற்றைப் பரிந்துரையில் குறைப்பதாக 2021-இலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்தவர் வீடியோவை எடுத்துத் தன் பக்கத்தில் போடுவது அதைவிட மோசம். 2024 ஏப்ரலில் அறிவித்தபடி, 30 நாட்களில் பத்து முறையோ அதற்கு மேலோ பிறர் உருவாக்கியதை மாற்றமில்லாமல் போடும் கணக்கு பரிந்துரையிலிருந்தே விலக்கப்படலாம். பாட்டிவைத்தியக் குறிப்பு வீடியோக்களைச் சுற்றிச்சுற்றிப் போடும் பக்கங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

இனி, எண்ணெய், சத்துமாவு, மூலிகைப் பொடி, சோப்பு விற்கிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பத்தி. இன்ஸ்டாகிராமின் பரிந்துரை விதிகளில், உடல்நலம் பற்றிய மிகைப்படுத்திய வாக்குறுதிகள், அதாவது அதிசய மருந்து என்பது போன்ற பேச்சும், உடல்நலப் பலனைக் காட்டிப் பொருள் விற்க முயலும் பதிவுகளும் பரிந்துரைக்கத் தகாதவை என்ற வகையில் வருகின்றன. பதிவு நீக்கப்படாது, ஃபாலோயர்களுக்குத் தெரியும், ஆனால் எக்ஸ்ப்ளோரிலும் ரீல்ஸிலும் புது ஆட்களிடம் போகாமல் நிற்கலாம். "இந்த எண்ணெய் குடித்தால் கொலஸ்ட்ரால் கரையும், மூட்டுவலி போகும்" என்று பேசும் ரீல், கடைக்காரர் கண்ணுக்குத் தன் மிக வலுவான ரீலாகத் தெரியும். அதுதான் வெளியே போவதே இல்லை. இங்கே அல்காரிதம் மட்டும் பிரச்சினை இல்லை: உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளும் தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடும். ஆகவே வேண்டாம். எப்படி ஆட்டுகிறீர்கள், என்ன விதை, வெயிலில் எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள், எப்படிச் சேமிப்பது, எதற்கு எந்த எண்ணெய் ருசி என்று பேச ஏராளம் இருக்கிறது, அதெல்லாம் கண்ணால் காட்டக்கூடியது, காட்டக்கூடியதுதான் ரீலில் நிற்கும்.

இன்ஸ்டாகிராமின் அதே பரிந்துரை விதிகளில் குலுக்கல் பரிசுப் பதிவுகளும், "லைக் போட்டு மூன்று பேரை டேக் செய்யுங்கள்" என்று கெஞ்சும் பதிவுகளும் அடக்கம். வளர வேண்டும் என்பதற்காகச் செய்யும் முதல் வேலையே பலருக்குக் கிவ்அவேதான். ரீச்சுக்காக அதைச் செய்யாதீர்கள்.

7. போட்ட பிறகு முதல் நாள்

கமெண்ட்டுகளுக்குப் பதில் எழுதுங்கள், வெறும் இதயம் போதாது. பதில் எழுதும்போது அந்த ஆள் திரும்ப வருகிறார், அடுத்த முறை உங்கள் பதிவு அவருக்கு மேலே வரும் வாய்ப்பு கூடுகிறது. ரீலை உங்கள் ஸ்டோரியில் ஒரு கேள்வியோடு பகிருங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு "எல்லாரும் லைக் போடுங்க" என்று கேட்பதை நிறுத்துங்கள். சித்தப்பா அன்பினால் திறப்பார், இரண்டு விநாடியில் லைக்கைத் தட்டிவிட்டு வெளியேறுவார். பார்க்கும் நேரம் அடிவாங்குகிறது, எண்ணெய் வாங்கும் ஆர்வமே இல்லாதவர்களின் ரசனை உங்கள் பதிவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளும் குரூப்களும் இதே கணக்கில்தான் சேரும்.

போகவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் அழித்துவிட்டு மறுபடி ஏற்றும் பழக்கமும் உண்டு. ரீல் சில நாள் கழித்தும் நகரும், விடுங்கள்.

நேரம், ஹேஷ்டேக் இரண்டையும் இப்போது சொல்லிவிடலாம். உங்கள் ஃபாலோயர்கள் எப்போது ஆப்பில் இருக்கிறார்கள் என்று இன்சைட்ஸ் காட்டும், ஃபீடுக்கும் ஸ்டோரிக்கும் அந்த நேரத்தை ஒட்டிப் போடுங்கள். ரீலுக்கு இது அவ்வளவாகப் பொருட்டில்லை. ஹேஷ்டேக் உங்கள் பதிவு எதைப் பற்றியது என்று வகைப்படுத்த உதவும், பொருத்தமான மூன்று நான்கு போதும். ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையே 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், முப்பது போட்டு நிரப்பும் காலம் முடிந்துவிட்டது.

8. எண்களை விகிதமாகப் படியுங்கள்

வியூஸ் என்பது எத்தனை முறை ஓடியது என்பது, திரும்ப ஓடியதும் அதில் சேரும். ரீச் என்பது எத்தனை கணக்குகள். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதலாளிக்கு ரிப்போர்ட் கொடுப்பவர்கள் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ரீலுக்கு ரீச் 4,000, ஷேர் 40. இரண்டாவது ரீலுக்கு ரீச் 900, ஷேர் 27. முதலாவதில் நூற்றுக்கு ஒருவர் அனுப்பியிருக்கிறார், இரண்டாவதில் நூற்றுக்கு மூவர். முதல் ரீல் ஜெயித்தது என்று நினைத்து அதே மாதிரி இன்னும் ஐந்து செய்வார்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அந்தத் தலைப்பை வேறு ஆரம்பத்தோடு மறுபடி செய்யச் சொல்வேன். விஷயம் பிடித்திருக்கிறது, வாசல்தான் சரியில்லை.

ஒவ்வொரு ரீலுக்கும் நோட்டில் ஐந்து எண்களை எழுதுங்கள்: ரீச், அதில் பின்தொடராதவர்கள் எத்தனை சதவீதம், சராசரி பார்க்கும் நேரம், ரீச்சுக்கு ஷேர், ரீச்சுக்கு சேவ். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள், அடுத்த நாளே எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிறகு நோய் எங்கே என்று பார்ப்பது எளிது. ரீலின் இன்சைட்ஸில் எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்று ஒரு கோடு வரும். ஆரம்பத்திலேயே செங்குத்தாக விழுந்தால் முதல் காட்சியை மாற்றுங்கள். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால் அந்த விநாடியில் என்ன சொன்னீர்கள் என்று போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே விலையோ கடை முகவரியோ ஆரம்பித்திருக்கும். நன்றாகப் பார்த்தும் யாரும் அனுப்பவில்லை என்றால் விஷயம் சுவையானது, ஆனால் யாருக்கும் தேவைப்படவில்லை. அனுப்புகிறார்கள், ஃபாலோ செய்யவில்லை என்றால் ப்ரொஃபைலைப் பாருங்கள், இந்தக் கணக்கில் அடுத்து என்ன வரும் என்று அவருக்குப் புரியவில்லை. ஃபாலோ செய்கிறார்கள், விசாரிக்கவில்லை என்றால் அது அல்காரிதம் பிரச்சினையே இல்லை: விலை எங்கே, எப்படி ஆர்டர் போடுவது, கூரியர் செலவு எவ்வளவு என்பது எங்கேயும் எழுதப்படவில்லை.

9. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஆரம்பத்தையும் நீளத்தையும் இசையையும் தலைப்பையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரே கேள்வி, இரண்டு ஆரம்பம். அப்புறம் ஒரே ஆரம்பம், இரண்டு நீளம். இப்படிப் போங்கள்.

இதற்கென்றே ட்ரையல் ரீல்ஸ் என்ற வசதி 2024 டிசம்பரில் வந்தது. அதில் போட்டால் முதலில் பின்தொடராதவர்களுக்கு மட்டும் காட்டப்படும், ஒரு நாளில் எண்கள் தெரிய ஆரம்பிக்கும். நன்றாகப் போனால் எல்லோருக்கும் பகிரலாம், முதல் 72 மணி நேரத்தில் நன்றாகப் போனால் தானாகவே பகிரும்படியும் வைக்கலாம். உங்கள் கணக்கில் இந்த வசதி இருந்தால், புதுத் தலைப்புகளை இதில் சோதித்துவிட்டுப் பழைய வாடிக்கையாளர் முன் கொண்டுவாருங்கள்.

10. ஸ்டோரியையும் டிஎம்மையும் விட்டுவிடாதீர்கள்

ரீல் ஆளைக் கொண்டுவருகிறது, பணம் பெரும்பாலும் ஸ்டோரியிலும் மெசேஜிலும்தான் வருகிறது. ஸ்டோரி வரிசையை நெருக்கம் தீர்மானிப்பதால், பதில் வாங்கும் ஸ்டோரிகள் அடுத்தடுத்த ஸ்டோரிகளை முன்னே தள்ளுகின்றன. "உங்க வீட்டுல இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயா, நெய்யா?" என்று ஒரு வாக்கெடுப்பு (poll) வையுங்கள், பதில் சொன்னவருக்கு ஒரு வரி பேசுங்கள். ஒரே நாளில் இருபது ஸ்டோரி அடுக்காதீர்கள், மேலே தெரியும் அந்தக் கோடுகள் புள்ளிகளாகச் சுருங்கியதைப் பார்த்ததும் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

11. பூஸ்ட் எப்போது

பூஸ்ட் என்பது காசு கொடுத்து ஒரு பதிவை விளம்பரமாக ஓட்டுவது. சொந்தமாக நன்றாகப் போன பதிவை மட்டும் பூஸ்ட் செய்யுங்கள். போகாத பதிவுக்குக் காசு போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா தனி ஏலம் நடத்துகிறது, அதில் நீங்கள் தரும் தொகையோடு, பார்ப்பவர் நீங்கள் கேட்கும் செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் என்ன என்பவையும் சேருகின்றன. யாரும் தொடாத பதிவுக்கு அதே இடத்தைப் பிடிக்கக் கூடுதல் விலை கொடுக்க நேரும். உரிமை பெற்ற பிரபலப் பாட்டு இருக்கும் ரீலைப் பூஸ்ட் செய்ய முடியாது என்பதையும் முன்பே நினைவில் வையுங்கள்.

நோக்கம் விசாரணை என்றால் மெசேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ப்ரொஃபைல் விசிட் வேண்டாம். பார்சல் அனுப்ப முடியாத ஊர்களை நீக்கிவிடுங்கள். பூஸ்ட் ஓடிய பதிவின் எண்களை மற்றவற்றோடு கலந்து ஒப்பிடாதீர்கள், நோட்டில் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

12. ரீச் விழும்போது பார்க்கும் வரிசை

பதறி எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ். அங்கே தடை எதுவும் இல்லை என்றால், விழுந்தது பின்தொடர்பவர்களிடமா, பின்தொடராதவர்களிடமா என்று பிரித்துப் பாருங்கள். பின்தொடராதவர்கள் பக்கம் மட்டும் விழுந்திருந்தால் கடைசிப் பத்து ரீல்களின் ஷேர் விகிதத்தையும் பார்க்கும் நேரத்தையும் பழைய பத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் மாறாமல் ரீச் மட்டும் குறைந்திருந்தால், முன்பு ஏதோ ஒரு ரீல் பெரிதாகப் போய்ச் சராசரியைத் தூக்கி வைத்திருந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். விகிதமும் விழுந்திருந்தால் தலைப்பு தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறந்து புதுக் கேள்விகளை எழுதத் தொடங்குங்கள்.

பின்தொடர்பவர்களிடம் விழுந்திருந்தால் சில வாரங்கள் ரீலைக் குறைத்து ஸ்டோரியைக் கூட்டுங்கள், கமெண்ட்டுக்கும் மெசேஜுக்கும் அன்றே பதில் போடுங்கள். அதோடு, ஆர்டர் போட்டவர்களின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு தனியாக ஒரு வாட்ஸ்அப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆட்டு நாளை அவர்களுக்குச் சொல்ல எந்த வரிசைப்படுத்தலையும் தாண்ட வேண்டியதில்லை.